தகுதியை அளக்கும் கோல்: அமெரிக்கச் சிறப்புப் பள்ளிகளின் சேர்க்கை வழக்குகள் – ஓர் ஆய்வு

முன்னுரை

'கோல்' என்பது தமிழில் பழமையும் பொருட்செறிவும் வாய்ந்த சொல். அரசன் கையில் இருக்கும்போது அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். தச்சன் கையில் முழக்கோல். ஆட்சிக்கும் அளவைக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கினர் என்பது எண்ணத்தக்கது. அளக்கின்றவன் ஒருவகையில் ஆள்கின்றவனும் ஆகிறான்; ஆதலின் அவன் கைக்கோல் கோடாதிருத்தல் வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

பள்ளியில் சேர வரும் பிள்ளைகளுள் இன்னாரை ஏற்பது, இன்னாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கும் சேர்க்கை விதியும் அத்தகைய ஒரு கோலே. அக்கோலை மாற்ற முற்படும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2018 முதல் எழுந்த சேர்க்கை வழக்குகள் தெளிவான சான்றுகள். பொதுப்பணத்தில் இயங்கும் சில சிறப்புப் பள்ளிகள், ஏழைப் பிள்ளைகளுக்கும் இதுகாறும் இடம் பெறாத இனத்துப் பிள்ளைகளுக்கும் வாயில் திறக்கும் வகையில் தம் சேர்க்கை விதிகளை மாற்றின. அம்மாற்றங்களைப் பெற்றோர் கூட்டமைப்புகளும், பழமை பேணும் அரசியல் சார்புடைய சட்ட நிறுவனங்களும் ஒன்றுகூடி எதிர்த்தன. அவ்வெதிர்ப்பின் தோற்றம், வழிமுறை, வாதம், விளைவு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைநாட்டுப் பள்ளிகளின் வழக்கு நமக்கு எதற்கு என்னும் வினா எழலாம். அவ்வழக்குகளின் நடுவே நிற்கும் 'ஆசியர்' என்னும் பிரிவில் இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களும் அடங்கும். நம் உறவினரும் நம் மாணவரும் நாளை அந்நாட்டில் பெற்றோராக நின்று எதிர்கொள்ளக்கூடிய வினா இது. மேலும், 'தகுதி' என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக ஆள்கிறோம், அதற்குள் எத்தனை தீர்மானங்கள் மறைந்துள்ளன என்பதை இவ்வழக்குகள் நமக்குக் கற்பிக்கின்றன.

சிறப்புப் பள்ளிகள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் வட்டார அடிப்படையில் இயங்குவன. பிள்ளை எந்த வட்டாரத்தில் வாழ்கிறதோ அவ்வட்டாரப் பள்ளியில் சேரும். இதற்கு விலக்காக, தேர்வு வைத்தோ மதிப்பெண் பார்த்தோ மாணவரைத் தெரிந்தெடுக்கும் அரசுப் பள்ளிகள் சில உள்ளன. பாஸ்டன் நகரின் இலத்தீன் பள்ளி 1635இல் தோன்றியது. அந்நாட்டின் மிகப் பழைய பொதுப்பள்ளி அதுவே. சான் பிரான்சிஸ்கோவின் லோவல் பள்ளி 1856இல் தொடங்கியது. நியூயார்க் நகரில் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி, புரூக்ளின் தொழில்நுட்பப் பள்ளி முதலிய எட்டுப் பள்ளிகள் ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரைச் சேர்க்கின்றன. அத்தேர்வுக்கு 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் காப்பாக நிற்கிறது. வாஷிங்டன் நகரை அடுத்த ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில், தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி 1985இல் நிறுவப்பட்டது.

இப்பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆனால் இடம் கிடைப்பது அரிது. இங்குப் பயின்றோர் சிறந்த பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். செல்வமில்லாத குடியேறிகளுக்கு இப்பள்ளிகள் ஏணிகளாக விளங்கியமை உண்மை. சீன, கொரிய, வங்கதேசக் குடும்பங்கள் பலவற்றில், உணவகத்திலும் வாடகைக் காரிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இவ்வாயில் வழியே உயர்ந்தனர். இவ்வுண்மையை மறந்துவிட்டு இவ்வழக்குகளைப் பேசுதல் நேர்மையாகாது.

மற்றோர் உண்மையும் உண்டு. 2019இல் ஸ்டைவசன்ட் பள்ளி 895 மாணவருக்கு இடம் அளித்தது. அவர்களுள் கறுப்பின மாணவர் எழுவர் மட்டுமே. 2020இல் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி 486 பேரைத் தெரிந்தெடுத்தபோது, கறுப்பின மாணவரின் எண்ணிக்கை தனியே வெளியிட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. ஏழைக் குடும்பத்தினர் அவ்வாண்டுத் தேர்வில் 1 விழுக்காடு கூட இல்லை. எல்லார் வரிப்பணத்திலும் நடக்கும் ஒரு பள்ளியில் இவ்வாறு நிகழ்வது முறையா என்னும் வினா எழுந்தது.

ஃபேர்ஃபாக்ஸில் நிகழ்ந்த மாற்றம்

இவ்வழக்குகளுள் நாம் விரிவாகக் காணவேண்டியது ஃபேர்ஃபாக்ஸ் வழக்கு. 2020 மே மாதம் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் நடுவே அப்பள்ளியின் சேர்க்கைக் கணக்கும் வெளியாயிற்று. மாவட்டப் பள்ளிக் குழு அவ்வாண்டு அக்டோபரில் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கியது. டிசம்பரில் புதிய விதியை நிறைவேற்றியது.

புதிய விதியின் சுருக்கம் இது. ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு மாணவருள் முதல் 1.5 விழுக்காட்டு அளவினருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 100 இடங்கள் பொதுப் போட்டிக்கு விடப்பட்டன. மதிப்பெண், மாணவர் எழுதும் கட்டுரைகள் ஆகியவற்றோடு, மாணவர் இலவச அல்லது குறைந்த விலை உணவு பெறும் ஏழைக் குடும்பத்தவரா, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவரா, சிறப்புக் கல்வி பெறுபவரா, முன்பு மிகச் சிலரையே அனுப்பிய நடுநிலைப் பள்ளியில் பயின்றவரா என்பனவும் கருதப்பட்டன. மாணவரின் பெயரோ இனமோ மதிப்பிடுவோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இவ்விதியில் இனம் என்னும் சொல்லே இல்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

2021இல் 550 பேருக்கு இடம் அளிக்கப்பட்டது. ஆசிய மாணவரின் பங்கு 73 விழுக்காட்டிலிருந்து 54 விழுக்காடாயிற்று. கறுப்பினத்தவர் 7 விழுக்காடும் ஹிஸ்பானியர் 11 விழுக்காடும் இடம் பெற்றனர். பள்ளி நிருவாகத்தின் கணக்குப்படி, ஏழைக் குடும்பத்தினர் 25 விழுக்காடாயினர்.

எதிர்ப்பின் தோற்றமும் வழிமுறைகளும்

மாற்றம் பேசப்படத் தொடங்கிய 2020 ஆகஸ்டிலேயே பெற்றோர் சிலர் 'டி.ஜே. கூட்டமைப்பு' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் நிறுவனர்களுள் ஒருவர் மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இதழாளர் அஸ்ரா நோமானி. உறுப்பினர் பலர் ஆசியாவிலிருந்து குடியேறிய பெற்றோர். அவர்கள் எல்லாரையும் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லால் சுட்டிவிட இயலாது. தம் பிள்ளைகளின் உழைப்பு வீணாகிவிடுமோ என்னும் அச்சமே பலரை அங்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர்களுக்கு வழக்கறிஞராக வந்தமைந்தது பசிபிக் சட்ட அறக்கட்டளை. 1973இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, அரசின் தலையீட்டைக் குறைத்தலும் தனிமனித உரிமையும் தன் கொள்கை எனக் கூறுவது. வலதுசாரிச் சட்ட இயக்கத்தின் முதன்மையான நிறுவனங்களுள் ஒன்று. கட்சிக்காரரிடம் கட்டணம் பெறாமல் வழக்காடுவது இதன் வழக்கம். இவ்வமைப்பே 2018 டிசம்பரில் நியூயார்க் மாற்றத்தை எதிர்த்தும், 2021 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸ் விதியை எதிர்த்தும் வழக்குத் தொடுத்தது. அச்சமுற்ற பெற்றோரும் கொள்கைப் பற்றுள்ள சட்ட நிறுவனமும் இணைந்தமையே இவ்வியக்கத்தின் வலிமை எனலாம்.

இயக்கத்தின் வழிமுறைகள் நான்கு. முதலாவது, நீதிமன்றம். இரண்டாவது, ஆவணம்: பள்ளிக் குழுவினரின் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்டுப் பெற்று வெளிக்கொணர்தல். மூன்றாவது, வாக்குச்சீட்டு: குழு உறுப்பினரைத் திரும்ப அழைத்தல், மாநிலத் தேர்தல்களில் 'பெற்றோர் உரிமை' என்னும் முழக்கத்தை எழுப்புதல். நான்காவது, ஆட்சி: ஆதரவான அரசு அமையுமிடத்து அதன் துறைகளைக் கொண்டு விசாரணை நடத்துதல். 2025 மே மாதம் கூட்டாட்சிக் கல்வித் துறை ஃபேர்ஃபாக்ஸ் சேர்க்கை பற்றி விசாரணை தொடங்கியது இந்நான்காம் வழிக்குச் சான்று.

முதற்கோல்: தகுதி

இனி, வழக்கின் உட்பொருளை மூன்று கோல்களாகப் பகுத்துக் காண்போம். முதலாவது, மாணவரின் தகுதியை அளக்கும் கோல்.

எதிர்ப்பாளர் கூற்று எளிமையானது: எல்லார்க்கும் ஒரே தேர்வு, ஒரே நாள், ஒரே வினாத்தாள், அதில் முந்தியவர் உள்ளே வரட்டும். இதில் பரிந்துரைக்கும் முகத்தாட்சண்யத்துக்கும் இடமில்லை. குடியேறி வந்தவர்க்கு ஊரில் செல்வாக்கு இல்லை. ஆதலின் மதிப்பெண் ஒன்றே அவர்தம் காப்பு. இக்கூற்றின் நியாயத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மாற்றத்தை ஆதரிப்போர் கூறுவது: வினாத்தாள் ஒன்றாக இருக்கலாம், அதற்குமுன் கழிந்த ஆண்டுகள் ஒன்றல்ல. ஒரு பிள்ளை பல ஆண்டுகள் தனிப்பயிற்சி பெற்றுத் தேர்வறைக்கு வருகிறது. மற்றொன்று அப்பள்ளி ஒன்று உண்டென்பதையே ஆசிரியர் சொல்லக் கேளாமல் வளர்கிறது. ஃபேர்ஃபாக்ஸில் இடம் பெற்றோருள் பெரும்பாலோர் ஒரு சில நடுநிலைப் பள்ளிகளிலிருந்தே வந்தனர். ஏனைய பள்ளிகளில் அறிவுள்ள பிள்ளைகளே இல்லை என்று எவரும் கூறார். அங்ஙனமாயின் பழைய கோல் அறிவை மட்டும் அளக்கவில்லை. அறிவோடு வாய்ப்பையும் சேர்த்தே அளந்தது என்பது பெறப்படும்.

இரு சாராரும் தகுதி வேண்டும் என்றே கூறுகின்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 'தகு' என்னும் வினையடியாகப் பிறந்த 'தகுதி', ஒன்றற்குப் பொருந்தி நிற்றலைக் குறிக்கும். எதற்குப் பொருந்துதல் என்று முடிவு செய்த பின்னரே தகுதியை அளக்க முடியும். ஒரு நாள் தேர்வுக்குப் பொருந்துதலா, நான்காண்டுக் கல்விக்குப் பொருந்துதலா, பொதுமக்கள் ஒரு பள்ளியை நடத்தும் நோக்கத்துக்குப் பொருந்துதலா? இதனை முடிவு செய்பவர் மனிதரே. எனவே, ஒரு கோலை மட்டும் 'தகுதி' என்றும் பிற கோல்களையெல்லாம் 'சலுகை' என்றும் பெயரிடுவோர், வாதம் தொடங்குமுன்னரே தீர்ப்பை எழுதிவிடுகின்றனர்.

இரண்டாங்கோல்: இழப்பு

அடுத்தது, இழப்பை அளக்கும் கோல். ஆசிய மாணவர் இழப்புக்கு உள்ளாயினரா?

2022 பிப்ரவரி 25 அன்று மாவட்டக் கூட்டாட்சி நீதிபதி கிளாட் ஹில்டன், ஆம் என்று தீர்ப்பளித்தார். முன்பு 73, இப்போது 54. பழைய நிலையோடு ஒப்பிட்டால் இழப்பு வெளிப்படை என்பது அவர் கருத்து. 2023 மே மாதம் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்னும் கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. விண்ணப்பித்தோருள் ஆசியர் 48.59 விழுக்காடு, இடம் பெற்றோருள் அவர்கள் 54.36 விழுக்காடு. விண்ணப்பத்தின் அளவைவிட மிகுதியாக இடம் பெற்ற ஒரு பிரிவினர் இழப்புற்றனர் எனல் எங்ஙனம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் வினவினர். எண்கள் மாறவில்லை, ஒப்பிடும் கோல் மாறியது, தீர்ப்பும் மாறியது.

2024 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் உடன்பட, மாறுபட்ட கருத்தை எழுதினார். ஒரு பிரிவினர் இன்னமும் நன்றாகவே இருக்கின்றனர் என்னும் காரணத்தால் அவர்களுக்கு எதிரான பாகுபாடு பாகுபாடாகாமல் போய்விடுமா என்பதே அவர் வினாவின் சாரம். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நன்கு தேர்ச்சி பெறும் ஒரு சமுதாயத்தை நோக்கி 'உங்களுக்குப் போதும்' என்று கூறும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை.

ஆயினும், 'ஆசியர்' என்னும் ஒற்றைப் பெயருக்குள்ளும் நாம் நோக்குதல் வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு சிறு குறிப்பு உள்ளது. 2020இல் இடம் பெற்ற ஏழை ஆசிய மாணவர் ஒரே ஒருவர். 2021இல் அத்தகையோர் 51 பேர். பொறியாளர் பிள்ளையும் கடைச் சிப்பந்தி பிள்ளையும் ஒரே கட்டத்துக்குள் எழுதப்பட்டதால், பழைய கணக்கில் இந்த ஐம்பது பேர் கண்ணுக்குப் புலப்படவே இல்லை. ஆசியர்க்கு எதிரானது என்று கூறப்பட்ட விதி, ஆசியருள் எளியவர்க்கு வாயில் திறந்தது. இவ்வழக்கில் நம் நெஞ்சில் நிறுத்தத்தக்க எண் ஒன்று உண்டெனில் அஃது இதுவே.

மூன்றாங்கோல்: நோக்கம்

மூன்றாவது, விதியை இயற்றியோரின் நோக்கத்தை அளக்கும் கோல். இதுவே மிகக் கடினமானது.

எதிர்ப்பாளரின் வலுவான வாதம் இங்குதான் உள்ளது. விதியில் இனத்தின் பெயர் இல்லாதிருக்கலாம். ஆனால் இனக் கணக்கை மாற்றும் நோக்கத்தோடுதான் அது இயற்றப்பட்டது என்பர் அவர். இதற்கு ஆவணச் சான்றும் காட்டினர். இம்முயற்சியில் ஆசியர்க்கு எதிரான ஒரு மனப்பாங்கு தென்படுகிறது என்று ஃபேர்ஃபாக்ஸ் குழு உறுப்பினரே தமக்குள் குறுஞ்செய்தி எழுதிக்கொண்டமை வழக்கில் வெளிவந்தது. பாஸ்டனில் குழு உறுப்பினர் இருவர், நகரின் ஒரு பகுதி வெள்ளையரை இழித்துப் பகிர்ந்த செய்திகள் வெளிப்பட்டு அவர்கள் பதவி விலக நேர்ந்தது. சமநீதியின் பெயரால் கோலை எடுத்தவர் கையிலேயே வெறுப்பு இருந்தால் அக்கோலை எவர் நம்புவர்? இச்செய்திகளை வெளிக்கொணர்ந்தமை எதிர்ப்பியக்கம் பொதுவாழ்வுக்குச் செய்த பணி என்று கூறலே நடுநிலையாகும்.

எனினும், நோக்கம் என்பதிலும் இருவகை உண்டு. ஒருவரை வெளியேற்ற விரும்புதல் ஒன்று. அடைபட்டவரை உள்ளே கொணர விரும்புதல் மற்றொன்று. 2007இல் சியாட்டில், லூயிவில் நகரப் பள்ளிகள் பற்றிய வழக்கில், தனி மாணவரின் இனத்தைப் பாராத பொது வழிகளால் பள்ளிகளில் பன்மையை வளர்க்கலாம் என்று நீதிபதி அந்தனி கென்னடி தம் தனிக் கருத்தில் எழுதினார். 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் மாணவரின் இனத்தைக் கருதுவதைத் தடை செய்தது. இனத்தைப் பாராமல் வறுமையையும் வட்டாரத்தையும் மட்டும் பார்க்கும் வழி அதன் பின்னும் திறந்திருக்கிறதா என்பதே எஞ்சிய வினா. பாஸ்டன் வழக்கையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அலிட்டோவும் தாமசும் மீண்டும் மாறுபட்டனர். 2025 பிப்ரவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, பன்மையை நாடி வகுக்கப்படும் மறைமுக வழிகளும் சட்டத்துக்கு மாறானவை என்று கல்வி நிலையங்களுக்குக் கடிதம் எழுதியது. அக்கடிதத்தை 2025 ஆகஸ்டில் மேரிலாந்து மாநிலக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் செல்லாது என்றார்.

பழைய நிலைப்பாடும் புதிய நிலைப்பாடும்

ஈண்டு வரலாற்றுச் செய்தி ஒன்றை எண்ணிப் பார்த்தல் பயன் தரும். 1996இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கலாகாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் அம்மாநிலம், ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டம் இயற்றியது. அதில் கையொப்பமிட்டவர் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். 1999இல் ஃபுளோரிடாவில் அவர் தம்பி ஆளுநர் ஜெப் புஷ் இதனையொத்த திட்டத்தைக் கொண்டுவந்தார். இனத்தைப் பாராமலே எல்லாப் பகுதியினருக்கும் வாய்ப்பளிக்கும் நேர்மையான வழி இது என்று அன்று பழமை பேணுவோர் பலர் போற்றினர்.

ஃபேர்ஃபாக்ஸின் 1.5 விழுக்காடு அத்திட்டத்தின் சிறிய வடிவமே. அன்று தீர்வாகக் காட்டப்பட்டது இன்று குற்றமாகக் காட்டப்படுகிறது. நோக்கம் வேறு என்று எதிர்ப்பாளர் விடை கூறுவர். டெக்சஸ் திட்டத்தின் நோக்கமும் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் மறைந்துபோகாமல் காப்பதே என்பது அந்நாளில் எவரும் மறைத்த செய்தியன்று. இனத்தின் பெயரைச் சொல்லி உதவுதலும் கூடாது, சொல்லாமல் உதவுதலும் கூடாது எனின், அடைபட்டவனுக்கு எஞ்சிய வாயில் யாது? இவ்வினாவுக்கு எதிர்ப்பியக்கம் தெளிவான விடை அளிக்கவில்லை என்பது நம் கருத்து.

சான் பிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும் தரும் பாடம்

மாற்றம் நாடுவோர் கற்கவேண்டிய பாடமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1983ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்படிக்கைப்படி ஒரு பள்ளியில் எந்த இனமும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டலாகாது என்று விதிக்கப்பட்டது. அதன் விளைவாக லோவல் பள்ளியில் சேரச் சீன மாணவர் பிறரினும் உயர்ந்த மதிப்பெண் பெறவேண்டியதாயிற்று. சீனக் குடும்பங்கள் 1994இல் வழக்குத் தொடுத்தன. 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வடு ஆறாத ஊர் அது.

அங்கு 2020 அக்டோபரில், பெருந்தொற்றுக் காலத்தில் மதிப்பெண் கணக்கிட இயலவில்லை என்று லோவல் பள்ளிக்குக் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதுவே நிலையான விதியாக்கப்பட்டது. பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில், போதிய கலந்தாய்வின்றிக் குழு எடுத்த முடிவு அது. 2022 பிப்ரவரி 15 அன்று குழு உறுப்பினர் மூவரை மக்கள் பெருவாரியான வாக்குகளால் திரும்ப அழைத்தனர். பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டமை, பள்ளிகளுக்குப் பெயர் மாற்ற முயன்றமை முதலிய வேறு காரணங்களும் அதற்கு உண்டு. குலுக்கலில் சேர்ந்த முதலாண்டு மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அவ்வாண்டின் முதற்பருவத்தில் ஏதேனும் ஒரு பாடத்தில் மிகக் குறைந்த தரம் பெற்றனர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அத்தகையோர் நூற்றுக்கு எண்மர் அளவே. பெருந்தொற்றின் தாக்கமும் இதில் கலந்திருக்கலாம். 2022 ஜூனில் நால்வருக்கு மூவர் என்னும் வாக்கில் பழைய முறை மீண்டது. வாயிலைத் திறத்தல் மட்டும் போதாது. உள்ளே வந்த பிள்ளைக்குக் கைகொடுக்கும் ஏற்பாடும் உடன் வேண்டும் என்பதே இதனால் அறியப்படுவது.

நியூயார்க்கில் 2018இல் மேயர் பில் டி பிளாசியோ நுழைவுத் தேர்வை நீக்க முயன்றார். சட்டத்தை மாற்றச் சட்டமன்றம் இசையவில்லை. சீனப் பெற்றோர் தெருவில் இறங்கினர். சட்டத்துக்கு உட்பட்டே அவர் விரிவாக்கிய ஏழை மாணவர் கோடைக்காலப் பயிற்சித் திட்டமும் வழக்குக்கு உள்ளாயிற்று. முதல் நீதிமன்றம் நகருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி வழக்கை மீண்டும் அனுப்பியது. ஏழைகளுக்கென வகுத்த பயிற்சியும் ஐயத்துக்கு இலக்காகும் காலம் இது என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

சேர்க்கைக் கோல் எதுவும் இயற்கையாக முளைத்ததன்று. ஒவ்வொன்றையும் மனிதர் சிலர் தெரிந்தெடுத்தனர். பழைய கோலும் ஒரு தெரிவு. புதிய கோலும் ஒரு தெரிவு. பழமை பேணுவோரின் எதிர்ப்பு, கோலை மாற்றுவோர் வெளிப்படையாகவும் வெறுப்பின்றியும் மாற்றவேண்டும் என்று வற்புறுத்திய அளவில் நன்மை பயந்தது. ஆனால், வறுமையைப் பார்க்கும் விதியையும் பாகுபாடு என்று தடுக்க முனையும்போது, அது தகுதியைக் காக்கவில்லை. முன்பே உள்ளே இருப்பவரின் இடத்தையே காக்கிறது.

வள்ளுவர் 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை கூறினார். அக்கோல் முதலில் தான் சமமாக நின்று, அதன் பின்னரே தன்மேல் வைத்த பொருளின் எடையைக் காட்டும். எடை போடுமுன் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்தலே அறத்தின் முதற்படி. தட்டைச் சமன் செய்கிறேன் என்று கூறி ஒருபுறம் கையை ஊன்றுதலும் தவறு. சாய்ந்து நிற்கும் தட்டைத் தொடாதே என்று தடுத்தலும் தவறு.

மாணவச் செல்வங்கள் நாளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் பெற்றோராகவும் ஏதேனும் ஒரு கோலைக் கையில் ஏந்தப் போகின்றனர். அப்போது, 'இக்கோல் எதனை அளக்கிறது? யார் கண்ணுக்குப் படாமல் போகின்றனர்?' என்னும் இரு வினாக்களை எழுப்புவாராயின் இக்கட்டுரை பயனுற்றதாகும். ஃபேர்ஃபாக்ஸின் பழைய பட்டியலில் ஒருவராக இருந்து, புதிய பட்டியலில் ஐம்பத்தொருவராகப் பெருகிய அந்த எளிய வீட்டுப் பிள்ளைகள் 2020க்கு முன்னரும் அவ்வூரில்தான் வாழ்ந்தனர்; அவர்தம் அறிவும் அங்கேயேதான் இருந்தது. அளக்கும் கோல்தான் அவர்கள் இருந்த இடத்தை எட்டவில்லை.